பீரோ மேல் எதிரி

ஒரு ராத்திரிக்குச் சராசரியாக 22 முறை செத்துப்போய்க்கொண்டிருந்தேன். கணக்கெடுத்தது நான் இல்லை, என் மகள். ஒன்பதாம் வகுப்பில் சராசரி, இடைநிலை, முகடு நடத்துகிறார்கள். வீட்டிலேயே புள்ளிவிவரம் திரட்டி வரச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது இதுதான். டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அப்பாவுக்கு எத்தனை நாளா இப்படி?" என்று விசாரித்திருக்கிறார்.

நான் சாகிற இடத்தின் பெயர் கவுன்ட்டர் ஸ்ட்ரைக். கொல்கிறவர்கள் பெரும்பாலும் குரல் உடையாத பையன்கள். எனக்கு வயது 44. 2001-ல் கல்லூரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்துத் தொடங்கிய பழக்கம். அங்கே எனக்கு வாய்த்த ஹெட்போனில் இடது காது மட்டும் பேசும். ஆகவே எதிரிகள் எல்லாருமே இடது பக்கத்திலிருந்துதான் வந்தார்கள். வலது பக்கம் ஒன்று இருப்பதே தெரியாமல் இரண்டு வருஷம் விளையாடி, மூன்று அரியரோடு வெளியே வந்தேன்.

விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். எதிரி ஓடினால் காலடி கேட்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு நடந்தால் கேட்காது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறவனின் நடை அது. சுவருக்கு அந்தப் பக்கம் வருகிறவன் இடமா வலமா, முன்னாலா பின்னாலா என்று காதால் கண்டுபிடித்தவன் பிழைப்பான். எனக்குக் கேட்டதெல்லாம் மானிட்டருக்குள் ஒட்டியிருந்த சுண்டைக்காய் ஸ்பீக்கரும் அதற்கு மேல் சுற்றுகிற ஃபேனும்தான்.

"ஹெட்செட் போட்டுக்கோங்களேன்" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. போட்டேன். சென்னையில் மே மாதம் அதைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு காதுக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும். பஞ்சின் மேல் தோல் உரிந்து, கறுப்புத் துணுக்குகள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, ஆபீஸில் ஒருவர் "என்ன சார், அம்மையா?" என்று கேட்டார். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை சிலிண்டர் போட வந்தவர் நாலு தரம் பெல் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மனைவி மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே, பாலைவன நகரமொன்றில் குண்டைச் செயலிழக்கச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் இண்டக்‌ஷன் அடுப்பில் சமையல். ஹெட்செட் எங்கே போனது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஆகவே ஸ்பீக்கர்.

மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஒரு முடிவோடு போகிறவர் யாரும் அதே முடிவோடு திரும்பியதில்லை. முதல் கடையில் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார்கள். அதன் மேல் தீப்பிழம்பு, தீப்பிழம்புக்குள் சிங்கம், சிங்கத்தின் வாயில் "5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று எழுதியிருந்தது. நான் வணிகவியல் படித்தவன்தான். ஆனாலும் பெருக்கத் தெரியும். வீட்டில் 5 ஆம்பியர் சாக்கெட்டில் 230 வோல்ட் வருகிறது. இரண்டையும் பெருக்கினால் 1150 வாட். அந்தத் துளையில் 5000 வாட் வாங்கினால் ஸ்பீக்கர் பாடாது, வயர் பாடும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கூட வந்த அடாப்டரில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 2 ஆம்பியர். ஆக மொத்தம் 24 வாட். மீதி 4976 வாட்டைச் சிங்கம் கொடுக்கும்போல.

பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. கண்ணிமைக்கிற நேரத்துக்கு ஸ்பீக்கர் உச்சத்தில் எவ்வளவு கத்தும் என்று தயாரிப்பவரே மனசுக்குள் நினைத்துக்கொள்கிற எண் அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்கிற எண்ணை, தொடர்ந்து எவ்வளவு தர முடியும் என்பதை அதுதான் சொல்லும். அதிலும் ஒரு சூட்சுமம்: வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். மேசையில் இரண்டடி தள்ளி உட்காருகிறவனுக்கு 20 வாட்டே கல்யாண வீடு.

இவ்வளவும் தெரிந்தவன் என்ன வாங்கியிருக்க வேண்டும்? வாங்கினது 5.1. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். "பின்னாடி வர்றவன் பின்னாடியே கேப்பான் சார்" என்று கடைப் பையன் சொன்ன ஒரே வாக்கியத்தில் விழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் வடிவியல் தொடங்கியது. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் நேர் முன்பக்கத்திலிருந்து 110 டிகிரி தள்ளி, தோளுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர்கள் என் அறையைப் பார்த்ததில்லை. 11 அடிக்கு 10 அடி. அதில் கட்டில், பீரோ, மேசை. 110 டிகிரியில் எனக்கு இடப்பக்கம் கதவு, வலப்பக்கம் சாமி ஷெல்ஃப்.

"முருகர் பக்கத்துல துப்பாக்கிச் சத்தம் வெச்சீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி.

ஆகவே இடது பின் ஸ்பீக்கர் பீரோ மேல் ஏறியது. வலது பின் ஸ்பீக்கர் பரணில், கொலுப்படிக்கும் பழைய டேபிள் ஃபேனுக்கும் நடுவில் உட்கார்ந்தது. நடு ஸ்பீக்கரை மானிட்டர் மேல் வைக்கச் சொல்லிப் படம் போட்டிருந்தார்கள். இப்போதைய மானிட்டரின் மேல்விளிம்பு தோசைக்கரண்டி கனம்தான் இருக்கும். அதில் எதை வைக்க? செல்லோடேப் போட்டு ஒட்டினேன். சரியாக எதிரி வரும்போது அது விழும். சப்வூஃபருக்கு மிஞ்சியது பீரோ ஓர மூலை.

நான்கு நாள் விளையாடினேன். அந்த நான்கு நாளும் மகளின் நோட்டில் தனிப் பத்தியாக இருக்கிறது: 31, 29, 34, 33.

காரணம் புரியவில்லை. காலடி மிகத் தெளிவாகக் கேட்டது. பீரோ மேல் ஒருவன் ஓடுகிறான். நான் சட்டென்று பின்னால் திரும்பிச் சுடுவேன். முன்னால் நின்றிருந்தவன் என் முதுகில் சுடுவான். சில சமயம் மவுஸைத் திருப்புவதற்குப் பதில் என் கழுத்தையே திருப்பிவிடுவேன். அங்கே பீரோ கண்ணாடியில் பனியன் போட்ட ஒருவர் கலவரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மகள்தான் ஐந்தாம் நாள் விண்டோஸில் ஸ்பீக்கர் சோதனை பொத்தானை அழுத்தினாள். நடு ஸ்பீக்கரின் மணி பீரோ மேலிருந்து வந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின்னைச் செருக வேண்டும். பச்சை முன் ஸ்பீக்கருக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும். மேசைக்கடியில் இருட்டில் படுத்துக்கொண்டு கறுப்பையும் ஆரஞ்சையும் மாற்றிச் செருகியிருக்கிறேன். முன்னால் வந்த ஒவ்வொருவனும் நான்கு நாளாக என் பீரோ மேல் நடந்திருக்கிறான்.

காதைக் குறை சொல்லக் கூடாது. பக்கவாட்டில் வருகிற சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் போகிறது. அதிகபட்ச வித்தியாசமே ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டு, அதில் ஒரு கூறில் முக்கால் பங்குகூட வராது. அதைப் பிடித்து இடம் வலம் சொல்கிறது மூளை. நேர் முன்னால், நேர் பின்னால் என்றால் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடும். அப்போது காது மடலின் மடிப்புகளில் சத்தம் எப்படித் தேய்ந்து வருகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் காது மடலை வாத்தியார்கள் வேறு வேலைக்கு நிறையப் பயன்படுத்திவிட்டார்கள்.

பின்களைச் சரியாகச் செருகிய அன்று சப்வூஃபருக்கும் உயிர் வந்தது. அதிலிருந்துதான் மோட்டார் விவகாரம்.

எங்களுடையது முதல் மாடி. கீழே ஹவுஸ் ஓனர். தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. 40 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 28 அடி. பதினோரு அடி அறைக்குள் அது அடங்காது. சுவரையும் தரையையும் ஆட்டிக்கொண்டு வெளியே போகும். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ஒத்து ஊதும். இன்னொரு குணம், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டால் அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம். சப்வூஃபரை அறையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்கிறார்களே, அது இந்தத் தைரியத்தில்தான்.

ஹவுஸ் ஓனருக்கும் சொல்ல முடியவில்லை. ராத்திரி பத்தரைக்கு மேல் எங்கிருந்தோ 'உம்ம்' என்று ஒரு அதிர்வு. போர் மோட்டார்தான் தானாக ஓடுகிறது என்று முடிவு கட்டினார். மெக்கானிக் வந்தார். மோட்டாரை வெளியே எடுத்தார், பார்த்தார், பேரிங் போயிருக்கிறது என்றார். (மெக்கானிக் வந்து பார்த்து எதுவும் போகாமல் இருந்ததாகச் சரித்திரம் உண்டா?) செலவை நான்கு வீட்டுக்கும் பங்கு போட்டார்கள். என் பங்கு 850 ரூபாய். மறு பேச்சில்லாமல் கொடுத்தேன். "நீங்க ஒருத்தர்தான் சார் கணக்குக் கேக்காம குடுத்தீங்க" என்று ஹவுஸ் ஓனர் நெகிழ்ந்துவிட்டார். அன்றிரவே சப்வூஃபரின் பிளக்கைப் பிடுங்கினேன். புது பேரிங் நன்றாக உழைப்பதாக அவர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலையில்தான் ஊரிலிருந்து மாமா வந்தார், கண் ஆபரேஷனுக்கு. என் அம்மாவின் தம்பி. அருப்புக்கோட்டைப் பக்கம் இருபது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். ஒரு அஹுஜா ஆம்ப்ளிஃபயர், நான்கு கூம்புக் குழாய், ஒரு சைக்கிள். இவற்றை வைத்துக்கொண்டு எட்டு ஊர்க் காதுகுத்துகளைப் பதினாறு ஊருக்குக் கேட்க வைத்தவர். கூம்புக்குக் கெடுபிடி வந்தபின் தொழிலை விட்டுவிட்டார். ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு அறைக்குள் வந்து மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மாப்ள, சடங்கு வீடா? அஞ்சு குழா கட்டியிருக்க."

விளக்கினேன். காலடி, எதிரி, 110 டிகிரி. பொறுமையாகக் கேட்டுவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் மேசை மேல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றின் உயரத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்து தன் வயிற்றில் நிறுத்தினார்.

"இது ரெண்டும் உன் தொப்புளோடல்ல பேசுது. காது எங்கடா இருக்கு?"

குழாய் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் ஊர் என்பது மாமாவின் தொழில் சித்தாந்தம். வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டும்போது ஒரு சாண் திருப்பினால் மேலத்தெருவுக்குப் பேச்சு போகும், இன்னொரு சாண் திருப்பினால் கண்மாய்க்குப் போகும். கீச்சு ஒலி நேர்கோட்டில் போகிற ஒலி. காலடியின் 'சரக்' அதில்தான் இருக்கிறது. மகளின் பழைய கோனார் உரைகளில் நாலைந்தை எடுத்து ஆளுக்குச் சரிபாதியாக ஸ்பீக்கருக்கு அடியில் கொடுத்தார். மனைவியின் தையல் மெஷினிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து இடது ஸ்பீக்கருக்கும் வலதுக்கும் நடுவே மூன்றடி, ஒவ்வொன்றிலிருந்தும் என் மூக்குக்கு மூன்றடி என்று அளந்தார். இரண்டையும் லேசாக உள்பக்கம் திருப்பி, என்னைப் பார்க்க வைத்தார். சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் இழுத்தார். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பழக்கத்தில் ஒரு முறை சொன்னார்.

அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் நிமிர்ந்தபின்தான் அவை எவ்வளவு மட்டமானவை என்பதே கேட்டது. மறுபடி ரிச்சி தெரு.

இரண்டே இரண்டு, கொஞ்சம் பெரிய பெட்டி, என்று கேட்டோம். கடைக்காரர் முதலில் புளூடூத் சவுண்ட்பாரைக் காட்டினார். அதில் சத்தம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து வரலாம். பாட்டுக்குப் பரவாயில்லை, எனக்கோ, செத்து விழுந்த பிறகு துப்பாக்கி வெடிக்கும். டப்பிங் சீரியலில் அழுது முடித்தபின் விம்மல் வருமே, அப்படி. வேண்டாம் என்றேன்.

மாமா ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தூக்கிப் பார்த்தார், விரலை மடக்கித் தர்பூசணியைத் தட்டுவது போலத் தட்டினார். பிளாஸ்டிக் 'டொக்'கை ஒதுக்கினார். கடைப் பையன் கண்ணாடி அலமாரி அதிர ஒரு குத்துப்பாட்டைப் போட்டான்.

"தம்பி, பாட்டு வேணாம். பேச்சு எதுனா போடுங்க."

"பேச்சா?"

"நியூஸ் வாசிக்கிறது. பொம்பளப் புள்ள வாசிக்கிறது."

பாட்டை எப்படி ஏமாற்றி வேண்டுமானாலும் கேட்க வைக்கலாம். மனுஷக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்கிறோம், அதில் ஏமாற்றினால் குழந்தைக்கும் தெரியும் என்றார். நான்கு ஸ்பீக்கரில் வானிலை அறிக்கை கேட்டோம். மூன்றில் அந்தப் பெண்ணுக்கு ஜலதோஷம். நான்காவதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மழை வராது என்றார். அதை வாங்கினோம். ஒவ்வொன்றிலும் ஆர்.எம்.எஸ். 21 வாட், பெட்டியில் சிங்கம் இல்லை.

போட்டியில் பரிசு வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஹெட்போனையே போட்டுக்கொள்ளட்டும். இடது ஸ்பீக்கரின் சத்தம் வலது காதுக்கும் கேட்கத்தான் செய்யும். ஹெட்போனில் அந்தக் கலப்படம் இல்லை. என்னைப் போல் காற்றோட்டமும் சிலிண்டரும் வேண்டியவர்கள், காது உயரத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இப்போது ராத்திரிக்கு 19 முறைதான் சாகிறேன். மீதிக்கு ஸ்பீக்கர் காரணமில்லை என்பது மகளின் முடிவு. நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள்.

பழைய 5.1 பரணில் இருக்கிறது. நடு ஸ்பீக்கரின் மூலையில் மட்டும் ஒரு சின்ன விரிசல். வேண்டியவர்கள் வந்து சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். வயர் மட்டும் கேட்காதீர்கள். மொட்டைமாடியில் அதில்தான் துணி காய்கிறது.