பனிமலையும் பழவேற்காடும்

பனிச்சறுக்கு விளையாடப் போகும் பெண்களுக்கு 'அந்த மூன்று நாள்' பற்றி ஆலோசனைகள் ஏராளம். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றுங்கள், கறை தெரியாத கால்சட்டை போடுங்கள், மலையுச்சி உணவகத்தில் கழிப்பறை இருக்கிறதா பாருங்கள்.

நல்லது. இதை மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியின் உப்புத்தண்ணீரில் மணிக்கணக்கில் இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். மாற்றுவதற்கு முதலில் கரையேற வேண்டும். அதற்குள் இறால் காத்திருக்குமா?

டெல்லிக் கணக்கு இன்னும் அழகு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமம், பொட்டு, வளையலுக்கு வரி கிடையாது. நாப்கினுக்கு 12 சதவீதம். பொட்டில்லாமல் ஒரு நாளைத் தள்ள முடியாதல்லவா! 2018 ஜூலையில்தான் மனம் இரங்கினார்கள்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் இரங்கவேயில்லை. இன்றைக்கும் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் திணித்து, கள்ளச்சாராயம் கைமாற்றுவதுபோல நீட்டுகிறார். நாப்கின் விற்கத் தடையேதும் இல்லை. அந்த பிளாஸ்டிக் பைக்குத்தான் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.