பரிசுச் சுருக்கம்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உருக்கிய எஃகு ஆறும்போது சுருங்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபவுண்டரி வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மீட்டருக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். அதனால்தான் பேட்டர்ன் செய்கிறவர் அந்த 2 சதவீதத்தையும் சேர்த்துச் சற்றுப் பெரிதாகவே செய்கிறார். அளப்பதற்கென்று தனி அளவுகோலும் வைத்திருக்கிறார். பரிசும் அப்படித்தான். அறிவித்த சூடு ஆறி வெற்றியாளர் கைக்கு வருவதற்குள் அது சுருங்கிவிடுகிறது. இதை அளக்கத்தான் ஒரு கோல் இல்லை. உலோகவியலில் இவ்வளவு தூரம் வந்துவிட்ட வட்டாரம் பரிசியலில் பின்தங்கிக் கிடப்பதைப் பொறுக்கமாட்டாமல் எழுதப்படுவது இக்கட்டுரை.

முதலில் வரையறை. அறிவித்த மதிப்பில் கைக்கு வந்து சேராத பங்கைப் ‘பரிசுச் சுருக்கம்’ என்கிறோம். இனிச் சுருக்கமாக ப.சு. சொன்னதைச் சொன்னபடி கொடுத்தால் ப.சு. பூஜ்யம். ஒன்றுமே கொடுக்காவிட்டால் 100. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் மனித சமூகம் இயங்குகிறது.

களஆய்வுக்கு உகந்த காலம் மார்ச் முதல் வாரம். தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966 மார்ச் 4 அன்று தொடங்கப்பட்டது. அந்த நாளைத் தேசியப் பாதுகாப்பு தினமாக 1972 முதல் கொண்டாடுகிறோம். தொழிற்சாலைகளில் அது ஒரு வாரமாக நீளும். கொடியேற்றம், உறுதிமொழி, தீயணைப்பு ஒத்திகை, கடைசி நாளில் வாசகப் போட்டிக்கான பரிசளிப்பு. போட்டியில் வென்ற வாசகத்தைப் பெயின்டர் வந்து சுவரில் எழுதுவார். வாசகத்தை இயற்றிய தொழிலாளி அன்றாடம் அதைக் கடந்தே ஷிஃப்ட்டுக்குப் போவார். பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் ஆலையில் நோட்டீஸ் போர்டு ‘முதல் பரிசு மிக்ஸி’ என்றது. மேடையில் கொடுத்த பெட்டியும் மிக்ஸிப் பெட்டி அளவில்தான் இருந்தது. உள்ளே இருந்தது ஹாட்பாக்ஸ்.

“மிக்ஸின்னு போட்டிருந்துச்சே சார்?”

“அது போன வருஷத்து நோட்டீஸ்பா. தேதிய மட்டும் மாத்தி ஒட்டிட்டாங்க.”

இதை மோசடி என்று சொல்ல இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. பழைய நோட்டீஸைப் புதிய பட்ஜெட்டில் ஒட்டியதால் வந்த கோளாறு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெட்டியை இருவர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் பரிசின் மதிப்பு உச்சத்தில் இருக்கிறது. ஊருக்கு அனுப்பிய படத்தைப் பார்த்து மனைவி ‘எத்தனை ஜார்?’ என்று கேட்கும் வரையில் ப.சு. பூஜ்யமே.

பொன்னேரி, கவரைப்பேட்டை பக்கத்து டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிகள் வேறு வகை. பேனரில் ‘முதல் பரிசு ரூ. 15,001’ என்று இருக்கும்; அன்பளிப்பவரின் படம் கோப்பையைவிடப் பெரிதாக இருக்கும். இறுதி ஆட்டத்தன்று அன்பளிப்பவருக்கு அவசர வேலை வந்துவிடும். பந்துச் செலவு, மைக்செட், அம்பயர் பிரியாணி எல்லாம் கழித்து மிச்சம் கவரில் வரும்; ‘பாக்கி அடுத்த வாரம்’ என்ற வாக்குறுதி கவருக்கு வெளியே வரும். முழுமையாகக் கைக்கு வந்து சேர்வது அந்தக் கடைசி ஒரு ரூபாய் மட்டுமே. கவர் கடைக்காரரே அதை மேலே ஒட்டி விற்பதால் யாராலும் கழிக்க முடிவதில்லை.

இத்துறைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனார் வெளிமானிடம் பரிசில் நாடிப் போனபோது, அவன் தம்பி இளவெளிமான் தகுதிக்குக் குறைவாகக் கொடுத்தான். புலவர் வாங்கவில்லை. நேரே குமணனிடம் போய் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் அதைக் கட்டிவிட்டுப் போனார். ப.சு. எதிர்மறையாகப் போன ஒரே வழக்கு இதுதான் என்று கருதுகிறோம். இதற்கு நேர்மாறானவர் தருமி. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில், பாட்டில் குற்றம் இருந்தால் அதற்குத் தக்கபடி பரிசையும் குறைத்துக்கொள்ளலாம் என்று நாகேஷ் மன்றாடுவாரே, பெறுபவரே முன்வந்து கழிவு தந்த அரிய சான்று அது. சிப்காட் வாசகப் போட்டியாளர்கள் எல்லோரும் தருமியின் மரபு. காவல் மரமும் இல்லை, யானையை கேட்டுக்குள் விட செக்யூரிட்டியும் சம்மதிக்கமாட்டார்.

தனியாரைப் பார்த்தாயிற்று. அரசு? 2023 செப்டம்பரில் கேரளத்தின் ஓணம் பம்பர் முதல் பரிசு தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தது. எல்லையோரம் வாளையாரில் வாங்கிய 500 ரூபாய்ச் சீட்டு. அறிவித்த தொகை 25 கோடி. அதில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போக 22.5 கோடி. அதில் 30 சதவீத வரிப்பிடித்தம் போக 15.75 கோடி. ப.சு. 37. நால்வருக்குப் பிரித்தால் தலைக்கு நான்கு கோடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குமேல் சர்சார்ஜும் தீர்வையும் காத்திருக்கும். கையில் வந்தது யாருக்கும் கசக்காது என்பது வேறு விஷயம். ஆனால் எந்த ஹாட்பாக்ஸும் செய்யாத சுருக்கத்தைச் சட்டம் சத்தமில்லாமல் செய்துமுடித்தது.

பரிசு பணமாக இல்லாமல் பொருளாக வந்தால் நிலைமை இன்னும் சுவையானது. வருமான வரிச் சட்டப்படி, பொருளைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அதற்கான வரி கட்டப்பட்டதை உறுதிசெய்ய வேண்டியது பரிசு தருபவரின் பொறுப்பு. எட்டு லட்ச ரூபாய் கார் விழுந்தால் 2,40,000 ரூபாய்க்கு வழி பண்ணிவிட்டுத்தான் சாவி. பரிசு தருபவரே ஏற்றுக்கொண்டால் பிழைத்தோம். இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் கார் வென்றதற்காகக் கடன் வாங்க வேண்டும். ‘உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, வரியை மட்டும் முதலில் அனுப்புங்கள்’ என்று போனில் ஏமாற்றுகிறவர்களின் கதையை ஜனங்கள் ஏன் நம்புகிறார்கள் என்று வியப்பவர்கள் உண்டு. உண்மையான சட்டமும் ஏறக்குறைய அதே வசனத்தைத்தான் பேசுகிறது.

இனி இந்த வட்டாரம் உலகுக்கு அளிக்கக்கூடிய தனிப் பங்களிப்புக்கு வருவோம். பிஸ்கட், சோப்பு, குளிர்பானப் பாக்கெட்டின் ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டு, பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற எழுத்தில், இந்தப் போட்டி தமிழ்நாட்டில் செல்லாது என்று இருக்கும். காரணம் 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம்: பொருள் வாங்குகிறவர்களிடையே குலுக்கிப் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. வம்பே வேண்டாமென்று பல நிறுவனங்கள் நம்மை விலக்கிவிடுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அண்ணா காலத்தில், 1968-இல், தொடங்கிய அரசு லாட்டரி 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை செய்யும் வரை நடந்தது. ஆக, சட்டம் வந்து இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல், மளிகைக்கடைக்காரர் குலுக்கினால் குற்றம், அரசாங்கம் குலுக்கினால் நலத்திட்டம்.

அறிவித்த பரிசு பத்து லட்சமானாலும் தமிழ்நாட்டு முகவரிக்கு ப.சு. 100. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்து தடா. அங்கே ஆந்திரம், நட்சத்திரக் குறி உதிர்ந்துவிடுகிறது. மூன்றே ஸ்டேஷனில் 100 பூஜ்யமாகும் இடம் பரிசியலாளருக்கு வேறெங்கே கிடைக்கும்? கும்மிடிப்பூண்டியில் குடியிருந்து தடா பக்கத்து ஸ்ரீசிட்டியில் வேலை பார்ப்பவர் அங்கே கேன்டீனில் பாக்கெட் வாங்கி, திரும்பும் ரயிலில் பிரித்து, வீட்டில் கோட் எண்ணை அனுப்பினால் அவர் எந்த மாநிலத்துப் போட்டியாளர்? இதைவிடச் சிக்கல் ரோலிங் மில் ஷெட்டில் இருக்கிறது. ஒரே பாக்கெட்டை இருவர் பங்கிட்டுத் தின்கிறார்கள். ஒருவர் மாதர்பாக்கத்துக்காரர், இன்னொருவர் பீகாரிலிருந்து வந்தவர், ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான். மாதர்பாக்கத்தார் தின்பது வெறும் பிஸ்கட். பீகார்க்காரர் தின்பது, ஒரு வாதத்தின்படி, வாய்ப்பு. வேலைக்குத்தான் வடக்கத்தியார் போட்டி என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பரிசுக்கு நமக்குப் போட்டியே கிடையாது என்பதை யாரும் பேசுவதில்லை.

ஒப்பீட்டுக்காக ஒரு வெளிநாட்டு அளவு. 1992 மே மாதம் பிலிப்பைன்ஸில் பெப்சி, மூடிக்குள் 349 என்ற எண் இருப்பவருக்குப் பரிசு என்று தொலைக்காட்சியில் அறிவித்தது. உச்சப் பரிசு பத்து லட்சம் பெசோ. 349 எண் தாங்கிய மூடிகள் ஏறத்தாழ எட்டு லட்சம் அச்சாகி வெளியே இருந்தன. நல்லெண்ணமாகத் தலைக்கு 500 பெசோ தந்தார்கள். ப.சு. 99.95. கலவரம், தீவைப்பு, வழக்குகள் என்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. இங்கே மிக்ஸி ஹாட்பாக்ஸ் ஆனபோது ஒரு கல்கூட எறியப்படவில்லை. ‘சாதம் சூடா இருக்குமில்ல’ என்றார்கள். சொன்னபடி தரும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகச் செயல்தான். ஆனால் வாசகம் எழுதியவர் எதையும் வாங்கவில்லை, கொடுத்தது அவர்.

கடைசியாக, இந்தக் கோட்பாட்டுக்கு அடங்காத ஒரே வகையைப் பதிவு செய்தாக வேண்டும். ஆறுதல் பரிசு. அது என்ன பொருள் என்று எந்த நோட்டீஸிலும் எழுதியிருக்காது. அறிவித்த மதிப்பே இல்லாததால் வகுத்தால் கணக்கு நிற்பதில்லை. பொங்கலுக்கு நடந்த ஒரு கோலப் போட்டியில் மூன்றாம் பரிசு ‘தங்கக் காசு’. மேடையிலிருந்து இறங்குவதற்குள் அது தங்க முலாம் என்று தெரிந்துவிட்டது. மற்ற எல்லோருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம். காசு வென்றவர் பக்கத்திலிருந்தவரிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தார்:

“இந்தக் காசை வச்சிக்கினு குடத்தைக் குடுக்கா.”

“போம்மா. குடம் ஒழுவல, பார்த்துட்டேன்.”