கிரிக்கெட் வீரரை நேரில் கண்ட படலம்: தொண்டாமுத்தூர் வட்டாரம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தொண்டாமுத்தூரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், சின்ன வயதில் ஒரு கிரிக்கெட் வீரரை நேரில் பார்த்திருக்கிறார். அப்படி ஒருவர் வந்து போனதற்கு ஊரில் ஒரு கல்வெட்டும் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று சண்டை வராமல் உட்காரவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுக் களம்

முதலில் நிலவியல். கோவையிலிருந்து மேற்கே வரும் சாலை தொண்டாமுத்தூரைத் தாண்டி, நரசீபுரத்துக்கு அப்பால் மலையில் முட்டி நின்றுவிடும். ஆகவே, "எங்கியோ போற வழியில டீ குடிக்க எறங்குனாருங்க" என்ற வாக்குமூலம் இங்கே செல்லாது. ஊட்டிக்குப் போகும் வீரர் மேட்டுப்பாளையம் சாலையைப் பிடித்துவிடுவார். பாக்குத் தோப்பு பார்க்க வேகப்பந்து வீச்சாளர்கள் வரும் வழக்கமும் இல்லை.

வீரரை நேரில் பார்க்கும் விஷயத்தில் அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ஒரு பேஸ்பால் அணி பருவத்துக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் 81 சொந்த ஊரில். ஒரு பையன் வேலியோரம் நோட்டோடு நின்றால் என்றைக்காவது யாராவது சிக்குவார். நம் பையனுக்கோ டெஸ்ட் ஆட்டம் என்றால் சேப்பாக்கம். அதுவும் சேரன் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம். வாய்ப்பு குறையக் குறைய நினைவு பெருகுகிறது என்பது எமது முதல் கண்டுபிடிப்பு.

3. வகைப்பாடு

திரட்டிய வாக்குமூலங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

அ) மண்டப தரிசனம்: கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் வீரர். அவர் ஆடியதை யாரும் சொல்வதில்லை. ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கியதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆ) முதுகு தரிசனம்: கடைத் திறப்பு விழாக் கூட்டத்தில் தெரிந்த பின்னந்தலை. வழுக்கை இருந்தால் பெயர் சொல்வதில் கருத்து வேறுபாடு மிகும்.

இ) வேக தரிசனம்: இது கோவைக்கே உரியது, கிரிக்கெட்டையும் தாண்டியது. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அன்று முதல் அவிநாசி ரோட்டில் நம் ஸ்கூட்டரை உரசினாற்போல் கடந்த கார் எல்லாம் அவருடையதே. ஓட்டியவர் முகம் தெரியாததே இதற்கு அசைக்க முடியாத ஆதாரம்.

4. விதிகள்

உயர விதி: தீபாவளிக்குத் தீபாவளி வீரர் ஓர் அங்குலம் வளர்கிறார்.

உறவு விதி: குறுக்குக் கேள்வி கேட்டால், பார்த்தவர் மெல்ல "எங்க பெரியப்பா பையன்" ஆகிவிடுவார். பெரியப்பா பையன் எப்போதும் திருப்பூரில் இருப்பார்.

கையெழுத்து விதி: கையெழுத்து வாங்கப்பட்டது, பழைய பேப்பர்காரர் கொண்டு போய்விட்டார். விதிவிலக்காக ஒன்று மட்டும் ஆய்வுக்குக் கிடைத்தது. பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் பழுத்த டவுன் பஸ் டிக்கெட்; அதன் முதுகில் ஊதாப் பால்பாயிண்ட் கிறுக்கல். நேராகப் பிடித்தால் ஸ்ரீகாந்த். கொஞ்சம் சாய்த்தால் சிவராமகிருஷ்ணன். வெயிலில் காட்டினால் கண்டக்டர்.

5. எதிர்ச்சான்று

இச்சந்திப்புகளை வீரர்கள் நினைவில் வைப்பதில்லை என்றே முதலில் எழுதியிருந்தோம். 2019 டிசம்பரில் சச்சின் டெண்டுல்கர் அதைக் கெடுத்தார். சென்னையில் டெஸ்ட் ஆட வந்து தாஜ் கோரமண்டலில் தங்கியிருந்தபோது காபி கொண்டு வந்த ஊழியர், முழங்கைக் காப்பு போட்டால் உங்கள் மட்டை வீச்சு மாறுகிறது என்று சொன்னதாகவும், அதைக் கேட்டுக் காப்பையே மாற்றி வடிவமைத்ததாகவும் சொல்லி, அவரைக் கண்டுபிடித்துத் தரும்படி ஊரையே கேட்டார். ஆளும் கிடைத்தார். பல வருஷம் நினைவில் வைத்திருந்தது பார்த்தவர் மட்டுமல்ல, பார்க்கப்பட்டவரும்தான். கையெழுத்து கேட்டவர்களை மறந்துவிட்டு, குறை சொன்னவரை மறக்காதது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது இடி சின்னப்பம்பட்டியிலிருந்து வந்தது. சேலம் மாவட்டத்துக் கிராமத்தில் டென்னிஸ் பந்து வீசிப் பழகிய நடராஜன், வலைப் பயிற்சிக்குப் பந்து வீசவெனத் தேர்வாகி ஆஸ்திரேலியா போய், 2020-21 பயணம் ஒன்றிலேயே ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஊர் திரும்பியபோது சாரட்டில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற எத்தனையோ பேர் அவரை ஏற்கெனவே நூறு முறை பார்த்தவர்கள். அவர் வீசிய பந்தைப் புதரில் தேடியவர்கள். அப்போது அது தரிசனம் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டார்கள்.

6. பரிந்துரை

ஆகவே தொண்டாமுத்தூர்க்காரர் வீரரைத் தேடி மண்டபம் மண்டபமாக அலைய வேண்டியதில்லை. தோப்போரம் ஆடும் பையன்கள் எல்லோரிடமும் இப்போதே கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால், பிற்காலத்தில் பெரியப்பா பையனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருக்காது. முன்னோட்டமாக, இடக்கையால் பந்து வீசிய ஒரு பையனிடம் நோட்டையும் பேனாவையும் நீட்டினோம்.

"போடறனுங்ணா," என்றான். "மொதல்ல அந்தத் தோப்புக்குள்ள போன பந்த எடுத்துட்டு வாங்க. தோட்டத்துக்காரரு எங்களக் கண்டா வெய்வாருங்க."