ஆறுமாத அமெரிக்கர்

புதுக்கோட்டையில் புதுக்குளத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு டீக்கடை பெஞ்சில் வந்து உட்காரும் ஆறேழு பேரில், அமெரிக்கா போய்வந்தவர் யார் என்று கண்டுபிடிக்கப் பாஸ்போர்ட் தேவையில்லை. காலைப் பாருங்கள். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே, கண் கூசும் வெள்ளையில் ஷூ இருக்கும். தலையில், மகன் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட தொப்பி. சட்டைப்பையில் ஜிப்லாக் கவர், அதற்குள் எண்ணிப் போட்ட பத்து பாதாம். இதெல்லாம் இல்லாவிட்டாலும், டீயை வாயில் வைக்குமுன் "அங்கெல்லாம் பாருங்க..." என்று தொடங்கினால் ஆள் அவர்தான்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆறுமாத அமெரிக்கர். விசிட்டர் விசாவில் போகிறவருக்கு அங்கே இறங்கியதும் அதிகாரி வழக்கமாகப் போட்டுக் கொடுப்பது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் இவர் பார்த்தது மகன் வீட்டு ஹால், மகன் காரின் பின்சீட், ஒரு கோயில், ஒரு நயாகரா. ஊர் திரும்பிப் பேசுவதோ ஐம்பது மாநிலத்துக்கும் சேர்த்து.

எங்கள் பெஞ்சில் இப்படி நாலு பேர். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்றவர் டாலஸ். தலைமையாசிரியராக இருந்தவர் நியூஜெர்சி. ஜவுளிக்கடைக்காரர் சியாட்டில். அரிமளத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டியவர் பீனிக்ஸ். "டாலஸ் ஏன் இன்னைக்கு வரல?" "டாலஸுக்கு மூட்டுவலி." "நியூஜெர்சிக்கு சுகர் முந்நூறைத் தாண்டிருச்சாம்." வெளியூர்க்காரர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஏதோ உலகச் செய்தி என்று நினைத்துக்கொள்வார். கலிபோர்னியாவுக்கு எங்களிடம் ஆள் இல்லை. என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஆகவே நான் வெறும் பார்வையாளன், ஓட்டுரிமை இல்லை.

வழக்கு தினமும் ஒன்றுதான்: அமெரிக்காவில் குடியிருக்க நல்ல ஊர் எது?

டாலஸ்தான் முதலில் எடுப்பார். "டெக்சாஸ்ல மாநில வருமான வரியே கிடையாதுங்க."

"அதை வீட்டு வரியில புடுங்கிருவான்" என்பார் நியூஜெர்சி.

"வீட்டு வரியப் பத்தி யாரு பேசுறதுன்னு இல்லையா சார்?"

இந்த அடி நியாயமானதுதான். அமெரிக்காவிலேயே வீட்டு வரி அதிகமுள்ள மாநிலம் நியூஜெர்சி. சராசரியாக ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டி வரும். மனசுக்குள் எண்பதால் பெருக்கிவிட்டு நாங்கள் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனம் காப்போம். ஆனால் நியூஜெர்சி கூச்சப்படமாட்டார். நகராட்சி போட்ட வரி எண்ணூறு ரூபாய் அதிகம் என்று பதினோரு வருஷம் மனு எழுதியவர் அவர். 2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆனதும் வரி ஏறிவிடுமே என்று முதலில் கவலைப்பட்டவரும் அவரே. மகன் கட்டும் எட்டு லட்சத்தைச் சொல்லும்போது மட்டும், கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை எழுதியவர் மாதிரி முகத்தில் ஒரு ஒளி. "வரி கூடத்தான். ஸ்கூல் பத்துக்குப் பத்தாச்சே!" அங்கே பள்ளிக்கூடத்துக்கு மார்க் போடுகிறார்கள். வாழ்நாள் முழுக்கப் பையன்களுக்கு மார்க் போட்டவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

சியாட்டிலுக்கு மழைதான் தொல்லை. "அங்க எந்நேரமும் மழையாமே?" என்று யாராவது கிளறினால், "பெய்யும், ஆனா நனையாது" என்பார். கேலி செய்தோம். கணக்குப் பார்த்தால் மனிதர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சியாட்டிலுக்கும் புதுக்கோட்டைக்கும் ஆண்டு மழை ஏறக்குறைய ஒன்றுதான், 900 மில்லிமீட்டருக்கு மேலே. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதை அங்கே ரேஷன் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அளந்து கொடுக்கிறார்கள். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்பதை மட்டும் அவர் தானாகச் சொல்லமாட்டார், நியூஜெர்சி சொல்லுவார்.

பீனிக்ஸ் பாவம். 2023 கோடையில் அந்த ஊரில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரிக்குக் குறையவில்லை. நம் கணக்கில் 43. அந்த மாதம் பூராவும் அவர் பேரன் வீட்டில்தான் இருந்தார். "ஆனா வேர்க்காது சார். வறண்ட வெயில். உடம்புக்கு நல்லது." எதிர்ப்பக்கம் அடி பலமாக விழும் நாளில் கடைசி ஆயுதத்தை எடுப்பார்: "உங்க ஊர்ல எல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பணும். அரிசோனாவுல திருப்பவே வேணாம்." உண்மைதான். இதற்கு இதுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. பதில் தேவையா என்பதும் தெரியவில்லை.

தூரம் என்று வந்தால் நாலு பேரும் ஒரே கட்சி. "ஹூஸ்டன்ல மீனாட்சி கோயில் இருக்கு. பக்கந்தான், காலையில கிளம்பினா மத்தியானம் தரிசனம்" என்பார் டாலஸ். டாலஸிலிருந்து ஹூஸ்டன் 385 கிலோமீட்டர். இங்கிருந்து சென்னை போகிற தூரம். திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயிலுக்கு இந்தப் பெஞ்சிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அவர் அங்கே போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்று வீட்டு அம்மாவிடம்தான் கேட்கவேண்டும்.

மன்ஹாட்டனில் தெருவுக்கெல்லாம் நம்பர்தான் பெயர் என்று நியூஜெர்சி ஒருநாள் அதிசயித்தபோது, டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "நம்ம வீடு மேல நாலாம் வீதி தானே சார்?" கீழ இரண்டாம் வீதி, வடக்கு மூன்றாம் வீதி என்று நூல் பிடித்த மாதிரி தெரு உள்ள ஊர் இது. திவான் சேஷையா சாஸ்திரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஊரைத் திருத்திப் போட்டுவிட்டார். நாம் அண்ணாந்து பார்ப்பதற்குத்தான் நியூயார்க் தேவைப்படுகிறது.

வெளியூர் மோகம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கோனாபட்டிலும் ராயவரத்திலும் கடியாபட்டியிலும் பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் திண்ணைகளில், ரங்கூன் உசத்தியா பினாங்கு உசத்தியா, சைகோன் எப்படி என்று பேசாமலா இருந்திருப்பார்கள்? அரசரையே எடுத்துக்கொள்ளுங்களேன். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். மறுவருஷம் பிறந்த பிள்ளைக்கு மார்த்தாண்ட சிட்னி என்று ஊரின் பெயரையே வைத்தார். அப்புறம் ஆட்சியை விட்டு பிரான்சில் போய்த் தங்கி, 1928-ல் பாரிசில் காலமானார். குடியிருக்க நல்ல ஊர் எது என்ற வழக்கில், சமஸ்தானமே புதுக்கோட்டைக்கு எதிராகத் தீர்ப்பளித்தாயிற்று. சிங்கப்பூருக்குப் பிள்ளையை அனுப்பிய கீரமங்கலத்துக்காரர்களுக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை. அது மொத்தமே ஒரு ஊர்; எந்த ஊர் நல்லது என்று யாரும் கேட்கமுடியாது.

அமெரிக்கர்களும் இதை விட்டுவைக்கவில்லை. 1985-ல் வந்த ஒரு தரவரிசைப் புத்தகம் வீட்டு விலை, தட்பவெப்பம், திருட்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பிரித்து 329 நகரங்களுக்கு மார்க் போட்டது. முதலிடம் பிட்ஸ்பர்க். கடைசி இடம், 329, கலிபோர்னியாவின் யூபா சிட்டி. பிட்ஸ்பர்க் இனிப்பு வழங்கியதா தெரியாது. யூபா சிட்டிக்காரர்கள் அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். இதைப் பெஞ்சில் சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பதற்கு இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து, பெல் ஆய்வகத்துப் புள்ளியியலாளர்கள் அதே மார்க்குகளை வைத்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். 134 நகரங்களை முதலிடத்தில் உட்காரவைக்க முடிந்தது. 150 நகரங்களைக் கடைசிக்குத் தள்ள முடிந்தது. 59 நகரங்கள் முதலாகவும் வரலாம், கடைசியாகவும் வரலாம். அவர்களுக்குக் கணிப்பொறி தேவைப்பட்டது. எங்கள் நாலு பேர் இதை டீ ஆறுவதற்குள் செய்துவிடுவார்கள்.

வீட்டு அம்மாக்களின் வரிசை வேறு. அதை யாரும் பெஞ்சில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் நாலு பேர் கணக்கும் குலையும். டாலஸ் அம்மா சொன்னது: "வீடு அரண்மனைதான் தம்பி. வாசல்ல இறங்கி ஒரு கடைக்கு நடக்க முடியுமா? பையன் ஆபீஸ் விட்டு வந்து கார் எடுத்தாத்தான் கொத்தமல்லி. கடுகு தாளிச்சா கூரையில இருக்கற மிஷின் கத்துது. நான் துண்டை எடுத்து விசிறிக்கிட்டு நிக்கணும்." நியூஜெர்சி அம்மா மகன் எடிசனில் இருந்தவரை கொடுத்துவைத்தவர். ஓக் ட்ரீ சாலையில் நடந்தே போய்க் கறிவேப்பிலை வாங்கலாம், வழியில் நாலு சேலையைப் பார்க்கலாம். இங்கிருந்து பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவான் என்பதால், அது கிடைக்கும் தெருவே அவர்களுக்கு நல்ல ஊர். வரி, ஸ்கூல், கடிகாரம் எதுவும் அதில் இல்லை. என் ஓட்டு அந்தப் பக்கம்தான். ஆனால் எனக்குத்தான் ஓட்டு இல்லையே.

போன தையில் பெஞ்சுக்கு ஒரு சோதனை வந்தது. நியூஜெர்சி பத்து நாள் தலைகாட்டவில்லை. பதினோராம் நாள் வந்தவர், ஓரமாக உட்கார்ந்தார்.

"என்னண்ணே, ஆளையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. பையன் வீடு மாத்துறான்."

"எங்க, பக்கத்துலயா?"

"கொஞ்சம் தெக்கால."

"தெக்கால எங்க?"

டீயை ஊதினார். ஊதினார். "டாலஸுன்னு சொல்ல முடியாது. ஃப்ரிஸ்கோன்னு, தனி ஊரு."

டாலஸ் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய வெற்றியில் சிரிக்கத் தோன்றாது போலிருக்கிறது. வருஷக்கணக்காக டெக்சாஸைத் திட்டியவர் நியூஜெர்சி. 2021 பிப்ரவரிப் பனியில் அங்கே லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனபோது, "கஜா புயல்ல நாங்க இருபது நாள் இருட்டுல கிடந்தோம், அதுக்கு உம்ம அமெரிக்கா எதுக்கு?" என்று கேட்டவர். 2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டனில் நாலைந்து நாளில் நம் மாவட்டத்தின் ஒரு வருஷ மழையைக் கொட்டியபோது, மில்லிமீட்டர் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தவர்.

மறுநாள் காலை, வந்ததும் வராததுமாக டாலஸைப் பார்த்தே கேட்டார்: "டெக்சாஸ்ல மாநில வருமான வரியே கிடையாது, தெரியுமா சார்?"

டாலஸ் திகைத்துப்போனார். இத்தனை வருஷம் தான் சொன்ன வாக்கியம், எதிரியின் வாயிலிருந்து, தனக்கே. நியூஜெர்சி நிறுத்தவில்லை. ஃப்ரிஸ்கோவில் காரியசித்தி அனுமார் கோயில், அகலமான ரோடு, பத்துக்குப் பத்து ஸ்கூல். எதிர்க்க ஆள் இல்லாமல் டாலஸுக்கு டீ இறங்கவில்லை. மூன்றாம் நாள் தாங்கமாட்டாமல் சொன்னார்: "எல்லாம் சரிங்க. வீட்டு வரியில புடுங்கிருவான்."

வழக்கு பிழைத்தது. இப்போது அவர்கள் பெரிய டாலஸ், சின்ன டாலஸ். முன்பைவிட உக்கிரமாகச் சண்டை போடுகிறார்கள்.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருந்த என் வீட்டில், சித்திரையில் ஒரு போன் வந்தது. மருமகனுக்குக் கலிபோர்னியாவில், சாக்ரமென்டோவில் இரண்டு வருஷ வேலை. அங்கே வாடகை கட்டுப்படியாகாதாம். அறுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊரில் வீடு பார்த்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மகள் சொன்னாள். நான் இரண்டாம் முறை சொல்லச் சொன்னேன்.

இரவு முழுக்க செல்போனில் அந்த ஊரைப் பார்த்தேன். ஆறு ஓடுகிறது. நூறு வருஷத்துக்கு மேலாகப் பஞ்சாபிகள் போய்க் குடியேறி பீச் தோட்டம் போட்ட இடம். பெரிய குருத்வாரா இருக்கிறது. உலர்ந்த பிளம் பழத்துக்குப் பேர்போன ஊர். சமவெளிக்கு நடுவே தன்னந்தனியாக ஒரு மலைக்கூட்டம் எழும்பி நிற்கிறது, அசல் நார்த்தாமலை. கோடை வெயில் நாற்பதைத் தாண்டும். ஆனால் வறண்ட வெயில். உடம்புக்கு நல்லது.

காலையில் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பீனிக்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "யூபா சிட்டின்னா, உங்க புத்தகத்துல 329-ஆ வந்துச்சே, அதுவா?"

"அது 1985 புத்தகம் சார். அவனுக்கு எதுக்கு எவ்வளவு மார்க் போடணும்னே தெரியல."

"புத்தகத்தை எரிச்சாங்கன்னு அன்னைக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

"எரிச்சது தப்புத்தான்" என்றேன். "ஆனா மிச்சம் வைக்காம எரிச்சாங்களான்னுதான் தெரியல."

டீ மாஸ்டர் டம்ளரைக் கழுவிக்கொண்டே உள்ளே குரல் கொடுத்தார்: "யூபாவுக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி!"