பாடாமல் இருக்க ஒரு விலைப்புள்ளி

அனுப்புநர்:
பாடத் தெரியாத ஒருவன்,
காஸ்வேக்கு இந்தப் பக்கம்,
ஜொகூர் பாரு.

பெறுநர்:
சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம்.

பொருள்: தென்கிழக்கு ஆசியாவில் பாடாமல் இருக்க வாய்ப்பு வேண்டி விண்ணப்பம்.

மதிப்பிற்குரிய அம்மையீர், ஐயா,

தமிழ் உங்கள் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. கடிதம் புரியவில்லை என்று ஒதுக்கி வைக்க உங்களுக்கு வழியில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.

2024 மார்ச்சில் காலாங் தேசிய விளையாட்டரங்கில் டெய்லர் சுவிஃப்ட் ஆறு இரவு பாடினார். ஒவ்வொரு இரவும் மூன்று மணி நேரத்துக்கு மேல். மொத்தக் கூட்டம் 3 லட்சத்தைத் தாண்டியது. உலகம் முழுக்க 149 மேடை ஏறி, 200 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் டிக்கெட் விற்ற 'ஈராஸ்' இசைப்பயணம், ஆசியாவில் தொட்ட ஊர்கள் இரண்டே இரண்டு. தோக்கியோவுக்கு நான்கு இரவு, உங்களுக்கு ஆறு. வாழ்த்துகள்.

அவரைப் பாடவைத்ததற்காக வாழ்த்துகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். காசு கொடுத்தால் பாடகர் பாடுவார்; அதில் என்ன திறமை இருக்கிறது? பக்கத்து நாடுகளில் பாடாமல் வைத்தீர்களே, அதற்குத்தான் இந்த வாழ்த்து. தென்கிழக்கு ஆசியாவில் சிங்கப்பூர் மட்டும்தான் என்று பேசி முடித்ததை அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கே மெல்பர்னில் செய்தியாளர்களிடம் சொன்னார். பயணத்துறை மேம்பாட்டு நிதியிலிருந்து ஊக்கத்தொகை போனதையும் மறைக்கவில்லை. இதில் அண்டை நாடுகளுக்கு எதிரான பகைமை ஏதும் இல்லை என்றும் விளக்கினார். தொகை எவ்வளவு என்பது மட்டும் வணிக இரகசியம். ஓர் இரவுக்கு 20 லட்சம் முதல் 30 லட்சம் அமெரிக்க டாலர் என்று நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் தன்னிடம் சொன்னதாக அன்றைய தாய்லாந்துப் பிரதமர் சிரேத்தா தவிசின் போட்டு உடைத்தார். அவ்வளவெல்லாம் இல்லை என்றார் உங்கள் அமைச்சர் எட்வின் டோங். சரி, பின்னே எவ்வளவு என்று கேட்டால், மறுபடியும் வணிக இரகசியம்.

பாமரன் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். சாதாரண டிக்கெட் 108 வெள்ளியில் தொடங்கியது. விஐபி டிக்கெட் 1,228 வெள்ளி வரை போனது. பாடியதற்கான கூலியை ரசிகர்களே கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் உங்கள் நிதியிலிருந்து போன காசு எதற்கு? பாங்காக்கில் பாடாததற்கு, மணிலாவில் பாடாததற்கு, ஜகார்த்தாவில் பாடாததற்கு, எங்கள் கோலாலம்பூரில் பாடாததற்கு. நான்கு தலைநகரங்களின் மௌனத்தை மொத்தக் கொள்முதல் செய்திருக்கிறீர்கள்.

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு உறுமி மேளம் வேண்டுமென்றால் தலைவர் முன்பணம் கொடுத்து நாள் குறிப்பார். மறுவாரம் அதே மேளம் பக்கத்துத் தோட்டத்தில் அடிக்கும். நாங்களும் போய் ஆடிவிட்டு வருவோம். "அங்கே அடிக்காமல் இருக்க இந்தா இன்னொரு ஐந்நூறு" என்று எந்தத் தலைவருக்கும் தோன்றியதில்லை. எங்கள் தோட்டங்கள் ஏன் முன்னேறவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

உங்கள் சாதனையின் அளவு விளங்க 2014-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். இதே பாடகி அந்த ஜூனில் 'ரெட்' பயணத்துக்காக ஜகார்த்தா, மணிலா, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று வீடு வீடாக வந்து பாடினார். பாங்காக் கச்சேரி மட்டும் நடக்கவில்லை. முந்தைய மாதம் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்ததால் ரத்தாகிவிட்டது. ஆக, ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கச்சேரியை நிறுத்த அன்று ஒரு ராணுவப் புரட்சி தேவைப்பட்டது. நீங்களோ நாலு ஊரில் நிறுத்தினீர்கள். ஒரு சிப்பாய்கூடத் தெருவில் இறங்கவில்லை. ஒரு காசோலை, ஒரு கையெழுத்து, முடிந்தது கதை.

அண்டை வீட்டார் வயிறெரிந்தார்கள் என்பது உண்மை. பிலிப்பீன்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோயி சல்செடா, நல்ல அண்டை வீட்டார் செய்கிற காரியமா இது என்று கேட்டு, தூதரகத்தில் ஆட்சேபம் தெரிவிக்கச் சொன்னார். பாங்காக்கின் கோபம் இன்னும் நேர்மையானது. முன்பே தெரிந்திருந்தால் நாமே அழைத்து வந்திருப்போம் என்றார் சிரேத்தா. அதாவது திருட்டு தப்பில்லை, முந்திக்கொண்டதுதான் தப்பு.

எங்கள் மலேசியாவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எங்களுக்குப் பாடகரை அனுப்பாமல் இருக்கக் காசு கொடுத்ததே வீண் செலவு. அந்த வேலையை நாங்களே இலவசமாகச் செய்வோம். 2023 ஜூலையில் 'தி 1975' குழுப் பாடகர் மேடையில் ஓரினச்சேர்க்கைக்கு எதிரான எங்கள் சட்டத்தைத் திட்டி, சக இசைக்கலைஞரை முத்தமிட்டதும் மூன்று நாள் விழாவையே இழுத்து மூடினோம். பிறகு, வெளிநாட்டுக் கலைஞர் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும் என்றோம். அந்த நவம்பரில் கோல்ட்பிளே புக்கிட் ஜாலிலில் ஓர் இரவு பாடியது, சுவிட்சுக்குப் பக்கத்தில். இரண்டே மாதத்தில் அதே குழு உங்களிடம் ஆறு இரவு பாடியது, சுவிட்ச் இல்லாமல். எட்டாத பழம் புளிக்கும் என்பார்கள். நாங்கள் எட்டிய பழத்தையும் புளிக்க வைத்துத்தான் சாப்பிடுவோம்.

இந்த வரவு செலவில் ரசிகப் பிள்ளைகளை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. டிக்கெட்டுக்குப் பதிந்துகொண்டவர்கள் 2 கோடிக்கு மேல். உங்கள் மக்கள்தொகையோ அப்போது 60 லட்சத்தைத் தொட்டிருக்கவில்லை. முன்விற்பனைக்குக் குறிப்பிட்ட வங்கியின் அட்டை வேண்டும் என்றதும், சேமிக்கக் காசில்லாதவர்களும் கணக்குத் திறந்தார்கள். தபால்தலை வாங்க ஆளில்லாத காலத்தில், டிக்கெட் விற்ற அஞ்சலக வாசலில் பாய் விரித்துப் படுத்தார்கள். மரினா பே சேண்ட்ஸ் விடுதி 50,000 வெள்ளிக்கு ஒரு தொகுப்புப் போட்டது, அதுவும் விற்றது.

அந்த வாரம் காஸ்வே பேருந்தில் பார்த்தேன். ஜிகினாச் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், மணிக்கட்டு முதல் முழங்கை வரை எழுத்துமணி கோத்த வளையல்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஒரு பிள்ளை கடப்பிதழைப் பல்லில் கடித்துக்கொண்டு, வளையல் ஒன்றைக் கழற்றி, முன்பின் தெரியாத மணிலாக்காரிக்குப் போட்டுவிட்டாள். அவள் பதிலுக்கு ஒன்று போட்டாள். ஆசியான் 1967 முதல் கூட்டம் போட்டுப் பேசும் நல்லுறவு, எந்த மேம்பாட்டு நிதியும் இல்லாமல் அந்த வரிசையில் நடந்துகொண்டிருந்தது. மணிலாவிலேயே கச்சேரி நடந்திருந்தால் அந்தப் பெண் விமானத்துக்கும் விடுதிக்கும் அழாமல், ஜீப்னி ஏறிப் போய்க் கேட்டிருப்பாள். உங்கள் வரவேட்டில் 'பயணத்துறை வருவாய்' என்று இருக்கும் தொகையில் அவளுடைய சம்பளமும் இருக்கிறது.

நீங்கள் நிறுத்தப் போவதில்லை என்று தெரியும். 2025 மேயில் லேடி காகா வந்தார். நான்கு இரவு, தென்கிழக்கு ஆசியாவில் உங்களிடம் மட்டும். ஆகவே சண்டை போட்டுப் பயனில்லை, பங்கு கேட்பதே புத்தி என்று முடிவு செய்து என் விலைப்புள்ளியைச் சமர்ப்பிக்கிறேன்.

தகுதி: எனக்குச் சுருதி சேராது, தாளம் அறவே நிற்காது. ஜொகூர் பாருவில் மட்டுமல்ல, பாங்காக், மணிலா, ஜகார்த்தா எங்கும் என்னால் ஒரே நேரத்தில் பாடாமல் இருக்க முடியும். எந்தப் பெரிய நட்சத்திரமும் தர முடியாத சேவை இது. விமானம், சரக்குப் பெட்டி, ஒலிபெருக்கி எதுவும் தேவையில்லை. மழை வந்தாலும் ரத்தாகாது. ராணுவப் புரட்சி வந்தாலும் நிகழ்ச்சி நிரலில் மாற்றமில்லை.

விலை: நம் இரு நாட்டுக்கும் பழகிய விலையே போதும். 1962 தண்ணீர் ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றுத் தண்ணீரை ஆயிரம் கேலன் 3 சென்னுக்குத் தருகிறோம். டெய்லர் பாடிய ஆறு இரவும் உங்கள் விடுதிக் குளியலறைகளில் ஜிகினாவைக் கழுவிய தண்ணீரில் எங்கள் பங்கும் உண்டு. அதற்கு நாங்கள் ஊக்கத்தொகை கேட்கவில்லை. அதே விகிதத்தில், ஆயிரம் பாட்டைப் பாடாமல் இருக்க 3 சென். ஒப்பந்தம் முடியும் 2061 வரை விலை ஏற்ற மாட்டேன். தொகையை யார் கேட்டாலும் வணிக இரகசியம் என்றே சொல்வேன்.

சுத்திகரித்த தண்ணீரை ஆயிரம் கேலன் 50 சென் என்று ஜொகூருக்கே திருப்பி விற்கிறீர்கள் அல்லவா? என் மௌனத்தையும் அதே விலைக்கு இங்கே திருப்பி விற்கலாம். என் பக்கத்து வீட்டுக்காரர்கள் நான் குளியலறையில் பாடும்போதெல்லாம் சுவரைத் தட்டுகிறவர்கள். வரிசையில் நின்று வாங்குவார்கள்.

இப்படிக்கு,
முன்பணத்தை எதிர்பார்த்து வாய்மூடி இருக்கும்
ஜொகூர்க்காரன்