நால்வகை இன்மை: வோட்கா குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

ஒரு பண்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுப்பதே உலக வழக்கு. என்னென்ன இருக்கக் கூடாது என்று வகுக்கப்பட்ட பெருமை வோட்காவுக்கு உண்டு. அமெரிக்க அரசு முன்பு இயற்றிய நூற்பாவின்படி, வடித்த முறையாலோ பிறகு கரி முதலியவற்றால் தூய்மை செய்தோ தனித்தன்மை, மணம், சுவை, நிறம் ஆகிய நான்கும் நீக்கப்பட்ட சாராயமே வோட்கா. நான்கும் இல்லையென்றால் ஒரு புட்டிக்கும் இன்னொரு புட்டிக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? குடிப்பவர்கள் இவ்வினாவை எழுப்புவதில்லை; எழுப்பும் நிலையில் இருப்பதுமில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர்கள்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.

மூலப்பொருளில் இருக்கிறது என்பது முதல் கட்சி. கோதுமை, உருளைக்கிழங்கு, திராட்சை என எதில் தொடங்கினாலும் 95 விழுக்காடு வரை காய்ச்சி வடித்துவிட்டால், பிறந்த வீட்டின் வாசனை பெரும்பாலும் போய்விடும். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காக ஒரு குலச்சண்டையே நடந்தது. தானியமும் கிழங்கும் போன்ற மரபுப் பொருள்களில் வடித்ததற்கே வோட்கா என்ற பெயர் உரியது என்று போலந்து, சுவீடன், பின்லாந்து நாடுகள் வாதிட்டன. பிரான்சிலோ திராட்சையில் வடித்த ‘சிராக்’ விற்பனையில் இருந்தது. ஹோர்ஸ்ட் ஷ்னெல்ஹார்ட் என்ற ஐரோப்பிய நாடாளுமன்ற ஜெர்மன் உறுப்பினர் சமரசம் சொன்னார்: வேறு பொருளில் வடித்தால் அதை லேபிளில் எழுதிவிடுங்கள். 2008-ல் அது சட்டமானது. மணமே தெரியாத ஒன்றுக்குக் கோத்திரம் கேட்பது ஐரோப்பியர் வழக்கமும்தான் போலும்.

சாராய அளவில் இருக்கிறது என்பது அடுத்த கட்சி. 40 விழுக்காடு என்ற அளவை நிர்ணயித்தவர் தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் என்பர் ஒரு சாரார். அக்கூற்று பொருந்தாது. 1865-ல் அவர் எழுதிய ஆய்வேடு சாராயமும் நீரும் கலக்கும்போது நிகழும் அடர்த்தி மாற்றம் பற்றியது, குடிப்பது பற்றியதன்று. 50 மில்லி சாராயத்தில் 50 மில்லி நீரை ஊற்றினால் 100 வராது, சுமார் 96தான் வரும். கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். “உள்ளே தள்ளிப் போங்க” என்று நடத்துநர் அதட்டிய பேருந்துபோல மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொள்கின்றன.

எஞ்சியிருப்பது லேபிள். வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. சிட்னி ஃபிராங்க் என்ற அமெரிக்க வணிகர் 1997-ல் ‘கிரே கூஸ்’ என்ற பிரெஞ்சு வோட்காவை மற்றவற்றைவிட மிக உயர்ந்த விலையில் இறக்கினார். 2004-ல் பக்கார்டி அதை 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. மறு ஆண்டே நியூயார்க் டைம்ஸ் குழுவொன்று பெயரை மறைத்து 21 வோட்காக்களைச் சுவைத்துப் பார்த்தது. விலையுயர்ந்தவற்றுக்கு நடுவே செருகி வைத்திருந்த சாதாரண ஸ்மிர்னாஃப் முதலிடம் பெற்றது. நாக்குக்கு லேபிள் வாசிக்கத் தெரியாதே!

சுவையை நீக்கி முடித்த கையோடு சுவை சேர்க்கும் திருப்பணியும் தொடங்கிற்று. சுவீடனின் அப்சலூட் 1986-ல் காரத்தையும் 1988-ல் எலுமிச்சையையும் ஏற்றியது. போலந்தின் ‘ஜூப்ரூவ்கா’வில் காட்டெருது மேயும் புல்லின் மணம் நெடுங்காலமாக உண்டு, புட்டிக்குள் ஓர் இதழும் மிதக்கும். அந்தப் புல்லில் கூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. உணவில் அதைச் சேர்க்க அமெரிக்கா 1954-லேயே தடை விதித்துவிட்டதால், அந்நாட்டுக்கென்று கூமரின் நீக்கிய ஜூப்ரூவ்கா தனியே தயாராகிறது.

2020-ல் அமெரிக்க அரசு தன் நூற்பாவிலிருந்து நால்வகை இன்மையை நீக்கிவிட்டது. இன்மையே இல்லாமற்போன இந்நிலையில், லேபிளில் நம்பி வாசிக்கத்தக்கது சாராய அளவைக் காட்டும் எண்தான். வோட்காவுக்கு அது ஐரோப்பிய ஒன்றியத்தில் 37.5-க்கும் அமெரிக்காவில் 40-க்கும் குறையக் கூடாது. இந்தியப் புட்டிகளில் பெரும்பாலும் 42.8, அதாவது பழைய பிரிட்டிஷ் கணக்கில் 75 புரூஃப்.