வத்தல் வண்டியும் வீரவேஷமும்

மருமகனே, பம்புக்காரனைத் திட்டுறதை முதல்ல நிறுத்து. அந்தப் பய பாவம். அஞ்சு லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கொண்டாரச் சொல்லி, முத்திரை இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்து, அத்தனை பேர் முன்னால ஊத்தச் சொன்னியே, கோடு தப்புச்சா? 5 லிட்டருக்கு 25 மில்லி கூடக்குறைய இருந்துட்டுப் போகட்டும்னு சட்டமே விட்டுக்கொடுக்கு. உன் வழக்கு அந்த 25 மில்லி இல்ல. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி இப்ப 10 கொடுக்கு, மிச்சம் நாலு கிலோமீட்டரை எவன் அடிச்சான்னு கேட்டு ஊரைக் கூட்டுத. அடிச்சவன் வெளிய இல்லடே. நீயே துட்டுக் கொடுத்து, மாலை போட்டு, அவனை வண்டியிலயே ஏத்தி வச்சிருக்க.

வாங்கின அன்னைக்கு அது விளாத்திகுளத்து வத்தலை விருதுநகர் கமிஷன் கடைக்குக் கொண்டு போற பிக்கப். எங்கக்கா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு அனுப்பினா. இன்னைக்கு அது எந்த நாட்டு மேல படையெடுக்கப் போகுதுன்னு டீக்கடையில என்னைக் கேக்காங்க. முன்னால இரும்புக் கம்பி, மேல கேரியர், கேரியருக்கு மேல நாலு லைட்டு, லைட்டுக்கு மேல "கருப்பசாமி துணை"ன்னு ஆளுயரப் பலகை. கருப்பசாமி துணைக்கு வருவாரு, நான் இல்லேங்கல. டீசலுக்கும் அவரே பொறுப்புன்னா எப்படி?

டயர்ல இருந்து ஆரம்பிப்போம், நீயும் அங்கதானே ஆரம்பிச்ச. வண்டியோட வந்தது 215/75 ஆர் 15. அது ஒரு சுத்துக்கு 2.21 மீட்டர் ஓடும். நீ போட்டிருக்கிறது 31 அங்குலத்து டயர், அது ஒரு சுத்துக்கு 2.47 மீட்டர். வண்டிக்குள்ள இருக்கிற மீட்டருக்கு இந்த விஷயத்தை யாராவது சொன்னீங்களா? அது இன்னமும் பழைய டயர்னு நம்பிக்கிட்டு எண்ணுது. நீ 112 கிலோமீட்டர் ஓட்டினா 100ன்னுதான் காட்டும். அப்ப உன்னோட 10ங்கறது 10 இல்ல, 11.2. தொலைஞ்சுபோன நாலு கிலோமீட்டர்ல ஒண்ணே காலு தொலையவே இல்ல, எண்ணாம விட்டிருக்கு. ராத்திரி தூக்கமில்லாம புரண்டியே, அதுல கால்வாசித் தூக்கத்தை இப்பவே திருப்பிக் கொடுத்துட்டேன், வச்சுக்க.

சந்தோசப்படாத, அடுத்த விஷயம் இருக்கு. அதே மீட்டர்தானே வேகத்தையும் காட்டுது? 80ல போறேன், நிதானமா ஓட்டுறேன்னு எங்கக்காகிட்ட சத்தியம் பண்ணுத. கணக்குப்படி நீ போறது 89. காத்து தடுக்கிறது வேகத்தோட ஒத்தைக்கு ஒத்தையா ஏறாது, இருமடியா ஏறும். 80க்கும் 89க்கும் நடுவுல காத்தோட எதிர்ப்பு கால்வாசி கூடிப்போகும். வெறும் வண்டியா நாலுவழிச் சாலையில அந்த வேகத்துல போனா, சக்கரத்துக்கு வந்து சேருற சக்தியில பாதிக்கு மேல காத்தைத் தள்ளத்தான் போகுது. இதுல நீ கேரியரை நிமுத்தி, பலகையைச் சாய்க்காம செங்குத்தா வச்சு, வா காத்தே வந்து மோதுன்னு கூப்பிட்டு வச்சிருக்க.

திருநெல்வேலிக்குச் சரக்கு இறக்கப் போகையில கயத்தாறைத் தாண்டித்தானே போற? ஆனி, ஆடியில மேற்க இருந்து குறுக்க அடிக்குமே ஒரு காத்து, ஸ்டீரிங்கைப் பிடுங்குமே. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காத்தாடி நட்டு வச்சு அந்தக் காத்துல ஊர்க்காரன் கரண்டு எடுத்து விக்கான். அதே காத்துக்கு, அதே எடத்துல, நீ லிட்டர் 90 ரூபாய்க்கு மேல கொடுத்து வாங்கின டீசலைத் தானம் பண்ணிட்டுப் போற. உன் தாராள மனசு அந்தக் காத்தாடிக்காரனுக்குத் தெரிஞ்சா ஒரு சால்வையாவது போத்துவான்.

பெரிய டயர் போட்டா சமதரையில இஞ்சின் மெதுவாச் சுத்தும், அது மிச்சந்தானேன்னு உன் மெக்கானிக் சொல்லியிருப்பான். பொய் இல்ல. காத்தும் இல்லாம, மேடும் இல்லாம, நிறுத்தவும் வேண்டாம்னா அவன் சொல்றது சரி. ஆனா நீ எட்டயபுரம் பஜார்ல நின்னு நின்னு கிளம்பணும், கோவில்பட்டிப் பாலத்துல ஏறணும். கன்னுக்குட்டியைப் பெரிய சக்கரத்து வண்டியில பூட்டின மாதிரி இஞ்சின் முக்குது, நீ கியரைக் குறைச்சுப்போட்டு மிதிக்க. டயரும் கனம். உருளுற கனத்துக்குக் கிளம்புறப்பவும் டீசல் கொடுக்கணும், கொடுத்ததைப் பிரேக்குல எரிக்கவும் செய்யணும். சேத்துக்குன்னு கட்டை கட்டையா வெட்டின டயர் அது. தார் ரோட்டுல அந்தக் கட்டை ஒவ்வொண்ணும் நசுங்கி நிமிருதுல்ல, அந்த நசுங்கலுக்கும் கூலி உண்டு. ஊஊன்னு ஒரு சத்தம் வருதே, அது வண்டி கேக்கிற கூலிதான்.

பின்னால ஸ்பிரிங் பட்டை ரெண்டு கூடப் போட்டிருக்கியே, எதுக்குடே? நீ ஏத்துறது கருங்கல்லா, சிமெண்டா? வத்தல். முக்காக் கூண்டு நிறைஞ்சாலும் தராசு முள்ளு அசையவே யோசிக்கும். வத்தலுக்காக பட்டை ஏத்தினவன் இந்தக் கரிசல்லயே நீ ஒருத்தன்தான். அந்தப் பட்டையில வண்டி ஒசந்து நிக்கிறதால அடிவயித்துக்குள்ள வேற காத்து பூந்து குழப்புது. இன்னொண்ணு, மூட்டை விருதுநகர்ல இறங்கிரும். கம்பியும் கேரியரும் பட்டையும் எந்த ஊர்லயும் இறங்காது. திரும்பி வரையிலும் உன்கூடவே வாடகை இல்லாம வரும்.

முன்னால இருக்கிற அந்தக் கம்பியைப் பத்தி ஒரு வார்த்தை. அதைப் போட்டவங்க மேல நடவடிக்கை எடுங்கன்னு 2017 டிசம்பர்லயே டெல்லியில இருந்து எல்லா மாநிலத்துக்கும் எழுதிட்டாங்க. 2019ல சட்டத்தைத் திருத்தினப்ப, கம்பெனி கொடுத்ததை அனுமதி இல்லாம மாத்தினா மாத்தம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேத்தும் போடலாம்னு வச்சிட்டாங்க. ஒண்ணுக்கு 5,000, கேட்டுக்க. உன் வண்டியைச் சுத்தி வந்து எண்ண ஒரு அதிகாரி மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் பண்ணணும்.

லைட்டு, பாட்டுப்பெட்டி எல்லாம் பேட்டரியில ஓடுது, டீசலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்ட. பேட்டரிக்குக் கரண்டு மழையா பெய்யுது? ஆல்டர்னேட்டர் சுத்தணும், அதை இஞ்சின் சுத்தணும், இஞ்சின் குடிக்கணும். நூறு வாட் பல்பு நாலு எரிஞ்சா, நடுவுல வீணாப்போறதையும் சேத்து இஞ்சின் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உழைக்கணும். அது கூடப் பரவாயில்ல, ராத்திரிச் செலவு. லோடு வர்ற வரைக்கும் புளியமரத்தடியில வண்டியை ஆஃப் பண்ணாம ஏ.சி.யில படுத்துப் பாட்டுக் கேக்கியே, ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாது. மரத்துக்குக் கீழ எதுக்குடே ஏ.சி.?

பெறகு அந்த லேப்டாப்பை மாட்டி ஒருத்தன் "டியூனிங்" பண்ணினானே. வேகம் கூடிருச்சுன்னு நீ விசிலடிச்ச. பின்னால வந்த நான் இருமினேன். கருப்பா போற புகை சரியா எரியாத டீசல் மருமகனே, உன் துட்டு அப்படியே ஆகாசத்துக்குப் போகுது. உன் வண்டி 2020 ஏப்ரலுக்குப் பிந்தி வந்த பி.எஸ். 6. சைலன்சர் வழியில கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒண்ணு இருக்கு. அது ரொம்பிப்போச்சுன்னா அந்தக் கரியை எரிக்க வண்டி தானாவே இன்னுங்கொஞ்சம் டீசலைச் செலவு பண்ணும். புகையா விட்டதும் டீசல், புகையைச் சுத்தம் பண்றதும் டீசல்.

டீசல் குழாயில மாட்டியிருக்கிற காந்தத்தைப் பத்தி நான் பேசமாட்டேன். அதை வித்தவன் பிழைச்சுப் போகட்டும்.

ஆனா வெறும் வண்டியா திரும்பி வரும்போது பின்கதவைத் தொங்கவிட்டுட்டு வாரியே, அதைச் சொல்லணும். காத்து உள்ள மோதாம நேரா வெளிய போயிரும்னு நினைப்பு. எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. பிக்கப்புக்கு அது தலைகீழ். கதவை மூடி வச்சா தொட்டிக்குள்ள ஒரு காத்து சுழண்டுக்கிட்டே கிடக்கும். மேல வர்ற காத்து அந்தச் சுழலு மேலயே வழுக்கிட்டுத் தாண்டிரும். கதவைத் திறந்தா அந்தச் சுழல் கலைஞ்சு இழுவை கூடத்தான் வாய்ப்பு அதிகம். காத்துச் சுரங்கத்துல வண்டியை நிறுத்திப் பாத்துட்டாங்க. கதவை மூடுறதுக்குத் துட்டும் கிடையாது.

நான் சொல்றதை நம்பாத. ஒரே பம்புல, வண்டி அதே பக்கம் சாஞ்சிருக்க, டேங்கை ஃபுல் பண்ணு. மீட்டரைப் பாக்காம ரோட்டோரத்து மஞ்சத்தலைக் கிலோமீட்டர்க் கல்லைக் கணக்கு வச்சு ஓட்டு. திரும்ப அதே பம்புல ஃபுல் பண்ணி வகுத்துக்க. பெறகு ஒவ்வொண்ணாக் கழத்து, கழத்திக் கழத்திப் பாரு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கழத்தினா எவன் திருடன்னு தெரியாது, அப்புறம் மறுபடியும் பம்புக்காரன் சட்டையைப் பிடிப்ப.

பழைய டயர் நாலும் எங்க கோழிக்கூட்டு மேலதான் கிடக்கு, வெயில் படாம சாக்கு போட்டு மூடித்தான் வச்சிருக்கேன். வந்து எடுத்துக்க. சும்மா இல்ல. முன்கம்பி தொழுவத்துப் படலுக்குச் சரியா இருக்கும், அளந்துட்டேன். கேரியரைக் களத்துல கால் நட்டு வச்சா வத்தல் மூட்டை தரையில ஓதம் ஏறாம இருக்கும். லைட்டுல ரெண்டு போதும். அந்த ஏர் ஹாரனை மட்டும் ஒயரோட கொண்டா, மக்காச்சோளத்துல ராத்திரி பன்னி இறங்குது. பாட்டுப்பெட்டி எனக்கு வேண்டாம், உங்கத்தை கேக்கா.